பைக் செயினில் சத்தமா? ஆயில் ஊற்றுவதற்கு முன் இதைப் பாருங்கள்

செயினில் சத்தம் கேட்டால் நம் ஆட்கள் முதலில் தேடுவது ஆயில் டப்பாவைத்தான். செயின் காய்ந்திருந்தால் சரி, அது வேலை செய்யும். ஆனால் செயின் தொங்கிப் போயிருந்தாலோ, அளவுக்கு மேல் இறுக்கி வைத்திருந்தாலோ, செயின் ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டில் பல் தேய்ந்திருந்தாலோ எவ்வளவு ஆயில் ஊற்றினாலும் பிரயோஜனம் இல்லை. சத்தம் இரண்டு நாள் அடங்கும், தேய்மானம் அடங்காது. ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு சத்தமும் ஒரு அடையாளமும் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்துகொண்டால், தேவையில்லாமல் செயின் செட் (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும்) மாற்றும் செலவு மிஞ்சும். மாற்ற வேண்டிய நேரத்தில் மாற்றாமல் நடுரோட்டில் வண்டியைத் தள்ளும் நிலைமையும் வராது.

இங்கே சொல்வது ஸ்ப்ளெண்டர், ஷைன் முதல் பல்சர், அப்பாச்சி, புல்லட், டியூக் வரை செயினில் ஓடும் எல்லா கியர் வண்டிகளுக்கும் பொருந்தும். ஆக்டிவா, ஜூபிடர் மாதிரி ஸ்கூட்டர்களில் செயினே கிடையாது, பெல்ட்தான்.

கை வைப்பதற்கு முன்

இன்ஜினை ஓடவிட்டு, கியரில் போட்டு, சுற்றுகிற செயினில் துணியைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். வேலை சீக்கிரம் முடியும் என்று பலர் இப்படித்தான் செய்கிறார்கள், பார்க்கும்போதே பதறுகிறது. துணி பல்லில் சிக்கினால் கையை எடுக்க நேரம் இருக்காது, விரல் போய்விடும். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுவிட்டு, நியூட்ரலில் சக்கரத்தைக் கையால் சுற்றித்தான் எல்லா வேலையும் செய்ய வேண்டும். அப்போதும்கூட செயின் ஸ்ப்ராக்கெட்டில் ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் விரல் போகக் கூடாது.

சென்டர் ஸ்டாண்டு இருந்தால் வசதி. இல்லாத வண்டிக்கு, பின்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தும் பேடக் ஸ்டாண்டு வாங்கிக்கொள்ளலாம். அதுவும் இல்லையென்றால் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, வெளியே தெரிகிற பகுதியை முடித்துவிட்டு, வண்டியைக் கொஞ்சம் முன்னால் உருட்டி அடுத்த பகுதியைச் செய்யலாம். நேரம் பிடிக்கும், ஆனால் வேலை நடக்கும்.

உங்கள் செயின் எந்த வகை?

இதைத் தெரிந்துகொள்ளாமல் மண்ணெண்ணெயைத் தொடாதீர்கள். 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் காப்புரிமை வாங்கிய புஷ் ரோலர் அமைப்புதான் இன்றும் எல்லா பைக்கிலும் ஓடுகிறது. கோயம்புத்தூர் எல்ஜிபி செய்யும் ரோலான் செயினும் சென்னை டிஐடிசி செய்யும் டயமண்ட் செயினும் அதே அமைப்புதான். ஒவ்வொரு கண்ணியிலும் நடுவில் ஒரு பின், அதைச் சுற்றி சின்னக் குழாய் மாதிரி ஒரு புஷ், புஷ்ஷைச் சுற்றி உருளும் ரோலர். செயின் ஸ்ப்ராக்கெட்டில் மடங்கி ஏறும்போது உராய்வது பின்னும் புஷ்ஷும். ஆயில் போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். வெளியே தகட்டில் பளபளவென்று தெரிகிற ஆயில் துருப் பிடிக்காமல் காக்கும், அதற்கு மேல் அதனால் பயன் இல்லை.

இப்போது செயினை ஓரமாகப் பாருங்கள். உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் மெல்லிய கறுப்பு ரப்பர் வளையம் தெரிந்தால் அது ஓ-ரிங் வகை. அதில் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் கம்பெனியிலேயே கிரீஸ் வைத்து, வெளியே போகாமல் ரப்பரால் மூடியிருப்பார்கள். நாம் போடும் ஆயில் அந்த ரப்பர் காய்ந்து வெடிக்காமல் இருக்கவும், ரோலருக்கும் பல்லுக்கும்தான். ரப்பர் தெரியவில்லை என்றால் சாதா செயின். 100–125 சிசி வண்டிகளில் பெரும்பாலும் இதுதான். இதற்குள் கிரீஸைத் தேக்கி வைக்க எதுவும் இல்லை, நாம் ஊற்றும் ஆயில்தான் உள்ளே போக வேண்டும்.

கீச் கீச் என்ற காய்ந்த சத்தம், கண்ணிகளில் செந்நிறம்

இது ஒன்றுக்குத்தான் ஆயில் நேரடி மருந்து. வண்டியைத் தள்ளும்போதே கேட்கும், வேகத்துக்கு ஏற்ப சத்தமும் வேகமாகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வரும், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் எந்த மாதமும் வரும். மழையில் நனைந்த செயினைத் துடைக்காமல் இரவு முழுக்க நிறுத்தினால் காலையில் மேலாக ஒரு செம்மை படிந்திருக்கும். அந்த மேல்துரு துடைத்தால் போய்விடும், பயப்பட வேண்டாம்.

சுத்தம் செய்யத் தேவையானவை: கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய டூத் பிரஷ் இரண்டு, பனியன் வேஸ்ட், ஒரு பழைய அட்டை, 90 நம்பர் கியர் ஆயில் அல்லது நல்ல செயின் ஸ்ப்ரே. மண்ணெண்ணெய் இப்போது ரேஷனில் லேசில் கிடைப்பதில்லை, கிடைக்காவிட்டால் செயின் கிளீனர் ஸ்ப்ரே வாங்கிக்கொள்ளுங்கள். சாதா செயினுக்கு அவசரத்துக்கு டீசல் போதும், ஆனால் நன்றாகத் துடைத்து எடுக்க வேண்டும். பெட்ரோல், தின்னர் இரண்டும் வேண்டாம். ஓ-ரிங்கைக் கெடுத்துவிடும், தீ ஆபத்தும் உண்டு. கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், ரப்பரைக் கிழித்துவிடும்.

செயினுக்கும் டயருக்கும் நடுவில் அட்டையைச் செருகிக்கொள்ளுங்கள். டயரில் ஆயில் பட்டால் வளைவில் வழுக்கும். டிஸ்க் பெரும்பாலும் வலப்பக்கம் இருந்தாலும் ஸ்ப்ரே காற்றில் பறக்கும், அதையும் ஒரு துணியால் மூடிவிடுங்கள். டூத் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்து, கீழ்ப்பக்கச் செயினில் நாலு பக்கமும் தேயுங்கள்: மேல், கீழ், வெளித் தகடு, உள் தகடு. உள் தகட்டை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், அழுக்கு அதிகம் சேர்வது அங்கேதான். ஒரு கையளவு தேய்த்து, சக்கரத்தைச் சுற்றி, அடுத்த கையளவு. ஸ்ப்ராக்கெட் பல்லின் இடுக்கிலும் தேயுங்கள். அப்புறம் பனியன் வேஸ்ட்டால் செயினைச் சுற்றிப் பிடித்து, சக்கரத்தைப் பின்பக்கமாக மெதுவாகச் சுற்றித் துடையுங்கள். துணி கறுப்பாக வருவது நிற்கும்வரை துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். ஓ-ரிங் செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போடக் கூடாது, தேய்த்ததும் துடைத்துவிட வேண்டும்.

முழுசாகக் காய்ந்த பிறகுதான் ஆயில். ஈரத்தின் மேல் ஆயில் போட்டால் தண்ணீர் உள்ளேயே தங்கிவிடும். ஆயில் போடும் இடம் முக்கியம்: கீழ்ப்பக்கச் செயினின் உட்பக்கம், அதாவது ஸ்ப்ராக்கெட் பல்லில் உட்காரும் மேல்பக்கம். ஊசி இல்லாத சிரிஞ்சில் கியர் ஆயிலை எடுத்து, தகடுகள் சேரும் ஓரங்களில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சக்கரம் சுற்றும்போது ஆயில் வெளிப்பக்கம் தள்ளப்படும், அப்படிப் போகும்போது புஷ்ஷுக்குள் இறங்கும். வெளிப்பக்கம் ஊற்றினால் அப்படியே ரோட்டுக்குப் பறந்துவிடும். ஒரு சின்ன ரவுண்டு போய்வந்து செயின் லேசாகச் சூடாக இருக்கும்போது போட்டால் ஆயில் இன்னும் நன்றாக இறங்கும். ராத்திரி போட்டு, காலையில் மேலே நிற்பதைத் துடைத்துவிட்டு வண்டியை எடுங்கள். ஸ்ப்ரேயானாலும் அப்படித்தான், போட்ட உடனே கிளம்பினால் பாதி ரிம்மில் இருக்கும்.

சாதா செயினில் இரு முனையையும் சேர்க்கும் லாக் இருக்குமல்லவா, அதைக் கழற்றி முழுச் செயினையும் வெளியே எடுத்துச் செய்வது இன்னும் நல்லது. கழற்றும்போது செயினின் ஒரு முனையில் ஒரு பழைய செயினைக் கோத்துவிட்டு இழுங்கள். பழைய செயின் முன் ஸ்ப்ராக்கெட்டில் ஏறி உட்கார்ந்திருக்கும். திரும்ப மாட்டும்போது முன்பக்கக் கவரைக் கழற்றாமல் அதைப் பிடித்தே இழுத்துக்கொள்ளலாம். எடுத்த செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, காயவைத்து, ஒரு டப்பாவில் கியர் ஆயில் ஊற்றி இரவு முழுக்க முக்கி வையுங்கள். காலையில் எடுத்துத் தொங்கவிட்டு, சொட்டு நின்றதும் துடைத்து மாட்டுங்கள். ஆயில் பின் வரைக்கும் இறங்குவது இப்படிச் செய்தால்தான்.

மாட்டும்போது லாக் கிளிப்பின் திசையைக் கவனியுங்கள். மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். மேல்பக்கச் செயின் இன்ஜினை நோக்கி ஓடுவதால், அங்கே கிளிப்பின் மூடிய பக்கம் முன்னால் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் எதிலாவது உரசிக் கிளிப் கழன்று செயின் அறுந்து விழும்.

கறுப்புப் பசை அப்பியிருக்கிறது. ரிம்மிலும் பேண்ட்டிலும் ஆயில்

இது ஆயில் குறைந்ததால் வருவதில்லை, அதிகமானதால் வருவது. வெளியே நிற்கும் ஆயிலில் ரோட்டுப் புழுதி ஒட்டும். எம்-சாண்ட் லாரி சிந்திவிட்டுப் போன ரோட்டில் தினமும் போகிறவர்களுக்கு ஒரு வாரத்திலேயே இது சேர்ந்துவிடும். மணலும் ஆயிலும் கலந்த பசை உப்புத்தாள் மாதிரி பல்லையும் ரோலரையும் அரைக்கும். இதன் மேல் மறுபடி ஆயில் ஊற்றுவது மணலை உள்ளே அனுப்பும் வேலை. முதலில் மேலே சொன்னபடி சுத்தம் செய்யுங்கள், அப்புறம் அளவாகப் போட்டுத் துடையுங்கள். கையால் தொட்டால் விரலில் லேசாகப் படிய வேண்டும், வழியக் கூடாது.

கிரீஸை அள்ளிச் செயின் மேல் பூசுவதும் இதே கதைதான். அது புஷ்ஷுக்குள் போகாது, வெளியே இருந்து மண்ணைப் பிடிக்கும். இன்ஜினிலிருந்து வடித்த பழைய ஆயிலை ஊற்றும் வழக்கம் பல கடைகளில் இருக்கிறது. அதில் இன்ஜினின் இரும்புத் துகளும் கரியும் கலந்திருக்கும். காசு இல்லாமல் கிடைக்கிறது என்பதைத் தவிர அதில் நல்லது எதுவும் இல்லை. ஒரு பாட்டில் கியர் ஆயில் பல மாதத்துக்கு வரும், அந்தச் செலவைச் செய்துவிடுங்கள்.

வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாளே சத்தம்

பிரஷர் தண்ணீர் செயினில் இருந்த ஆயிலை முழுக்கக் கழுவிவிட்டிருக்கும். ஓ-ரிங் செயினில் கிட்ட வைத்து அடித்தால் ரப்பரைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போகும் ஆபத்தும் உண்டு. “அண்ணே, செயின்ல நேரா அடிக்காதீங்க” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கழுவிய பிறகு டீசலைப் பீய்ச்சி அடித்துப் பளபளப்பாக்கித் தருவார்கள். அது ஆயில் போட்டதாகக் கணக்கில் வராது. டபிள்யூடி-40 அடித்தால் தண்ணீரை விரட்டும், ஆனால் மெலிசானது, செயினில் நிற்காது. அதன் பிறகும் ஆயில் போட வேண்டும்.

பட பட என்று அடிக்கும் சத்தம்

ஆக்சிலேட்டரை விடும்போதும், ஸ்பீடு பிரேக்கரில் ஏறி இறங்கும்போதும் செயின் கவரிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ அடிக்கிறது என்றால் செயின் தொங்கிவிட்டது. ஆயில் டப்பாவை எடுக்காதீர்கள், ஸ்கேலை எடுங்கள். இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் சரிபாதி நடுவில், கீழ்ப்பக்கச் செயினை விரலால் மேலே தள்ளி, கீழே இழுத்து, மொத்தம் எவ்வளவு ஆடுகிறது என்று அளங்கள். சாதாரண வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. சுற்றில் இருக்கும். சரியான எண்ணை உங்கள் வண்டியின் மேனுவலில் அல்லது ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். கரடுமுரடுப் பாதைக்கான நீளமான சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளுக்கு இதைவிட அதிகம் தேவைப்படும். முழு கவர் போட்ட ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளில் கவரில் ஒரு ரப்பர் மூடி இருக்கும், அதைக் கழற்றினால் செயினைத் தொட்டுப் பார்க்கலாம்.

அளப்பதை ஒரே இடத்தில் நிறுத்திவிடாதீர்கள். சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி நாலைந்து இடத்தில் அளந்து, எங்கே செயின் அதிகமாக இறுகுகிறதோ அங்கே வைத்து அளவைச் சரிசெய்யுங்கள். பின்சக்கர அச்சின் நட்டை (ஆக்சில் நட்) தளர்த்தி, இரண்டு பக்க அட்ஜஸ்டரையும் ஒரே அளவு திருகுங்கள். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகள் இரு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நட்டை இறுக்கிய பிறகு மறுபடி ஒருமுறை அளங்கள், இறுக்கும்போது அளவு மாறும். டிரம் பிரேக் வண்டியில் சக்கரம் பின்னால் நகர்ந்தால் பின் பிரேக்கும் இறுகிவிடும். பெடலின் ஆட்டத்தையும் பிரேக் லைட்டையும் சரிபார்க்காமல் ரோட்டில் ஏறாதீர்கள்.

உய்ங் என்ற ஊளைச் சத்தம். பின்னால் ஆள் ஏறினால் அதிகமாகிறது

இதுதான் எல்லாவற்றிலும் மோசமானது, ஆனால் யாரும் கண்டுகொள்வதில்லை. தொங்கிய செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும், இறுகிய செயின் ஓசைப்படாமல் வண்டியைக் கெடுக்கும். ஸ்விங் ஆர்ம் திரும்பும் மையமும் முன் ஸ்ப்ராக்கெட்டின் மையமும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் வண்டியில் ஆள் உட்கார்ந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது பின்சக்கரத்துக்கும் முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் உள்ள தூரம் கூடும். இந்த மூன்று மையங்களும் ஒரே கோட்டில் வரும்போது செயின் அதிகபட்சமாக இறுகும். வெறும் வண்டியில் விறைப்பாக வைத்த செயின், குடும்பமாக மூன்று பேர் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது இழுபட இடமே இல்லாமல் நிற்கும். அந்த இழுவை முழுக்க கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் பேரிங்குக்கும் பின்சக்கர பேரிங்குக்கும்தான் போகும்.

முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி, ஷாஃப்ட்டைச் சுற்றி இன்ஜின் ஆயில் கசிகிறதா என்று பாருங்கள். கசிந்தால் ஆயில் சீல் போயிருக்கிறது, செயினைத் தளர்த்துவதோடு சீலையும் மாற்ற வேண்டியிருக்கும். அளவில் சந்தேகம் வந்தால் 5 மி.மீ. கூடுதலாகத் தொய்வு விடுவதே மேல்.

செயின் ஒரு சுற்று வரும்போது ஒரே இடத்தில் கடக்

செயினைக் கீழ்ப்பக்கம் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். ஒரு கண்ணி நேராக நிமிராமல் மடங்கியே வந்தால் அந்த பின் துருவேறி இறுகிவிட்டது. சாதா செயினில் மண்ணெண்ணெய் விட்டு, கையால் இரு பக்கமும் வளைத்து வளைத்துப் பார்த்து, ஆயில் விட்டால் பலமுறை இளகிவிடும். ஓ-ரிங் செயினில் கண்ணி மடங்கி நின்றாலோ, பின்னைச் சுற்றிச் செந்தூள் கசிந்தாலோ உள்ளே இருந்த கிரீஸ் போய்விட்டது. வெளியிலிருந்து அதைத் திரும்ப வைக்க வழி இல்லை.

2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பார்த்தோமே, அப்படித் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த வண்டியில் ஒரு கண்ணி மட்டும் இறுகாது, வரிசையாகப் பல கண்ணிகள் இறுகியிருக்கும். அதில் மெனக்கெடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

கண்ணி எல்லாம் நன்றாக மடங்கியும் ஒரு இடத்தில் இறுக்கம், எதிர்ப்பக்கம் தொய்வு என்று இருந்தால் செயின் சீராகத் தேயவில்லை, அல்லது ஸ்ப்ராக்கெட் வட்டமாக ஓடவில்லை. இறுகும் இடத்தில் அளவு சரியாக வைத்தும், எதிர்ப்பக்கம் செயின் கவரில் அடிக்கும் அளவு தொங்கினால் செட்டின் காலம் முடிந்தது.

ஆக்சிலேட்டர் கொடுக்கும்போது ஒரு உதறல்

தொய்வு சரியாக இருந்தும் உதறினால் பின்சக்கர ஹப்பில் உள்ள டம்பர் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். ஸ்ப்ராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இழுவையின் அடியை வாங்கிக்கொள்வது அதுதான். பின் பிரேக்கை அழுத்திச் சக்கரத்தை நிறுத்திவைத்து, ஸ்ப்ராக்கெட்டை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் ரப்பர் நைந்துவிட்டது. விலை மலிவான பொருள்தான். இதற்காக யாராவது செயின் செட் மாற்றச் சொன்னால் முதலில் ரப்பரைக் காட்டச் சொல்லுங்கள்.

இறுக்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, மறுபடி தொங்குகிறது

செயின் நீண்டுவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில் இரும்புத் தகடு நீள்வதில்லை, ஒவ்வொரு பின்னும் புஷ்ஷும் தேய்ந்து இடைவெளி கூடுகிறது. நூற்றுக்கு மேல் கண்ணிகள் உள்ள செயினில் ஒரு கண்ணிக்கு 0.1 மி.மீ. தேய்ந்தாலே மொத்தத்தில் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டின் கடைசிப் புள்ளியில், அதாவது வண்டியின் பின்கோடியில், செயினைப் பிடித்து வெளியே இழுங்கள். பாதிப் பல்லுக்கு மேல் தெரியும் அளவு விலகி வந்தால் முடிந்தது. அளந்தே பார்க்க வேண்டுமென்றால், 428 என்ற அளவுச் செயினில் ஒரு பின்னிலிருந்து அடுத்த பின்னுக்கு 12.7 மி.மீ.; எனவே 21 பின்களை எண்ணினால் முதல் பின்னின் மையத்திலிருந்து கடைசிப் பின்னின் மையம் வரை புதுசில் 254 மி.மீ. இருக்கும். செயினை விறைப்பாக இழுத்துப் பிடித்து அளக்கும்போது அது 259 மி.மீ.யை எட்டினால் 2 சதவீதம் தேய்ந்திருக்கிறது, பொதுவாக அதுதான் எல்லை.

பல்லையும் பாருங்கள். புதுப் பல் இரு பக்கமும் ஒரே சாய்வில் இருக்கும். தேய்ந்த பல் ஒரு பக்கம் சாய்ந்து கொக்கி மாதிரி வளைந்து கூராகியிருக்கும். அந்த நிலையில் வேகமெடுக்கும்போது செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கும். கழன்று சக்கரத்தில் சிக்கினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மாற்றும்போது செயின், முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். தேய்ந்த பல்லில் புதுச் செயினைப் போட்டால் அந்தப் பல்லின் வளைவுக்கு ஏற்பப் புதுச் செயினும் சீக்கிரம் தேயும். டம்பர் ரப்பரையும் அப்போதே பார்த்துவிடுங்கள், சக்கரம் எப்படியும் கழற்றித்தான் இருக்கும். புது ஓ-ரிங் செயினில் கம்பெனி தடவிய கிரீஸ் பிசுபிசுவென்று இருக்கும், அதைக் கழுவ வேண்டாம். முதல் 500 கி.மீ.க்குள் ஒருமுறை தொய்வை அளங்கள், புதுச் செயின் ஆரம்பத்தில் கொஞ்சம் இறங்கும். அப்புறம் 500 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில், மழையில் ஓட்டினால் கி.மீ. கணக்குப் பார்க்காமல் அன்றைக்கே துடைத்து, காய்ந்ததும் ஆயில்.